விற்றுப்போன வாள் ஏழு வருஷம் கழித்து ஏன் மறுபடி விற்பனைக்கு வருகிறது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். 2016 மே மாதம் டோக்கியோ வியாபாரி ஒருவர் செய்தவர் கையெழுத்தில்லாத ஒரு கதானாவை, அதாவது ஜப்பானிய நீள வாளை, 22 லட்சம் யென்னுக்குப் போட்டிருந்தார். நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தீர்கள், மூன்றே வாரத்தில் ‘விற்றாகிவிட்டது’ என்று மாறிவிட்டது, மனசு ஆறாமல் படங்களை மட்டும் சேமித்து வைத்துக்கொண்டீர்கள். 2023 அக்டோபரில் அதே வியாபாரியிடம் அதே வாள், அதே படங்கள், ஒரு எழுத்து மாறாத அதே வர்ணனை, விலை மட்டும் 24 லட்சம். பழைய வாள் வியாபாரிகள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாத கேள்வி அது இல்லை என்று நினைக்கிறேன். அன்றைக்கு அது உண்மையிலேயே விற்றதா, விற்றிருந்தால் வாங்கினவர் ஏன் வைத்துக்கொள்ளவில்லை, உள்ளே ஏதாவது கோளாறா, இந்தத் தடவை நான் வாங்கலாமா. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் வியாபாரி இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அதில் பதினான்கு வருஷமாக இரண்டு மூன்று வாள் கடைகளுக்கு அவர்கள் எழுதும் வர்ணனைகளை ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறேன். மாதம் ஒரு தடவை கான்தேய் கூட்டத்துக்கும் போவேன். கையெழுத்து இருக்கும் பகுதியைத் துணியால் மூடி வாளைக் கையில் கொடுப்பார்கள், எந்தக் காலம், எந்த ஊர், யார் செய்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆக, கடையின் பின்னறையை எனக்குத் தெரியும், கணக்குப் புத்தகத்தைத் தெரியாது. கீழே எழுதுவதில் எது நான் கண்ணால் பார்த்தது, எது ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கலாம். பழைய வாள் சந்தையில் குளம் ஒன்றுதான், மீன்களும் அதே மீன்கள்தான். கமாகுரா காலத்து, அதாவது எழுநூறு வருஷத்துக்கு முந்தைய, வாளை இனிமேல் யாரும் புதிதாக அடிக்கப்போவதில்லை. ஜப்பானுக்குள் தனியார் கையில் இருக்கும் ஒவ்வொரு வாளுக்கும் தோரொகுஷோ என்ற பதிவுச் சீட்டு இருந்தாக வேண்டும். மாகாணக் கல்விக் குழு கொடுக்கும் சீட்டு அது. கை மாறினால் 20 நாளுக்குள் அந்தக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். எப்போதாவது ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது பரண் மேலிருந்து ஒன்று கிடைக்கும், போலீஸுக்குச் சொல்லி, அப்புறம் பதிவுக்குக் கொண்டுபோவார்கள். வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் திரும்பி வரும். மற்றபடி கடைக்கு வருகிற வாள் எல்லாமே ஏற்கெனவே யாரோ ஒருவரிடம் இருந்து, யாரோ ஒருவர் விற்றதுதான். நீங்கள் பார்த்த வாள் பிசென் (இன்றைய ஒகயாமா பகுதி) மரபைச் சேர்ந்தது, நான்போகுசோ காலத்தது, அதாவது 14-ஆம் நூற்றாண்டு, என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் வயது 600-க்கு மேல். அதற்கு ஏழு வருஷம் என்பது ஒரு மத்தியானத் தூக்கம்.

அரசு தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்த வாளுக்கே இந்தக் கதை உண்டு. சான்சோமோ என்ற வாள், 13-ஆம் நூற்றாண்டில் பிசெனின் இச்சிமோஞ்சி மரபில் செய்தது, உஎசுகி குடும்பத்தில் இருந்தது. நம் காலத்தில் ஒரு தனியாரிடம் இருந்தது. அந்தக் குடும்பத்துப் போர்த்தலைவர் உஎசுகி கென்ஷினின் ஊர் என்பதால் நீகாதா மாகாணத்து ஜோஎட்சு நகராட்சி வாங்க முன்வந்தது. நகராட்சி போட்ட மதிப்பு 32 கோடி யென், உடைமையாளர் தரப்புக்கு அது போதவில்லை, 2017-ல் பேச்சு முறிந்தது. அப்புறம் அந்த வாள் பிறந்த மண்ணான ஒகயாமா மாகாணத்தின் செத்தோஉச்சி நகராட்சி பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2020-ல் 50 கோடிக்கு வாங்கியது. நடுவில் அந்த மூன்று வருஷத்தில் வாளில் ஒரு மயிரிழை மாறவில்லை. ஒரு ஊருக்குக் கட்டுப்படியாகாத விலை இன்னொரு ஊருக்குக் கட்டுப்படியானது, அவ்வளவுதான். சிறு கடைகளில் நடப்பதும் இதேதான், பூஜ்யங்கள் மட்டும் குறைவு.

நான் கண்ணால் பார்த்தவற்றில் அதிகம் நடப்பது, விற்ற கடைக்கே வாள் திரும்புவது. சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஒருவர் இறந்துபோகிறார், பிள்ளைகளுக்கு வாள் என்றாலே பயம், பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பழைய ரசீதும் கடையின் தொலைபேசி எண்ணும் இருக்கும், அங்கேதான் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் உயிரோடு இருப்பவரே இதைவிட நல்ல வாள் ஒன்றைப் பார்த்துவிட்டு, இருப்பதைக் கொடுத்து மீதிக்குப் பணம் போடுவார், நம் ஊரில் பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுக்கிற மாதிரி. கடைக்காரருக்கும் இது வசதி. தான் ஏற்கெனவே புரட்டிப் பார்த்த வாள், சிக்கல் எதுவும் இருந்தால் அவருக்கே தெரியும், படமும் வர்ணனையும் கணினியில் தயாராக இருக்கிறது. சிலர் வாங்கி விற்பார்கள், சிலர் இதாக்கு முறையில், அதாவது சொந்தக்காரருக்காக வைத்து விற்றுக் கழிவு எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை ஒரு கடையின் மாடியில் பெரியவர் கிரி மர அலமாரியின் இழுப்பறையிலிருந்து ஒரு வாகிசாஷியை, அதாவது குட்டை வாளை, எடுத்து, பிடியைக் கழற்றி, உள்ளே பிடிக்குள் போகும் நாகாகோ பகுதியை என் பக்கம் திருப்பினார். ஆணிக்கான துளை இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, சுரைக்குடுக்கை மாதிரி இருந்தது. எனக்கு உடனே பொறி தட்டியது. ஆறு வருஷம் முன்னால் இதே துளையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். “இது முன்னாடி வந்ததுதானே?” என்றேன். அவர் சிரித்துவிட்டு “தெமொதோரி” என்றார். கணவன் வீட்டை விட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்ட பெண்ணுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பழைய சொல் அது, அவ்வளவு நல்ல சொல்லும் இல்லை, திரும்பி வந்த சரக்குக்கும் அதையே சொல்வார்கள். வாங்கினவர் நகோயாவில் ஒரு பல் மருத்துவர், தொழிலை விட்டுவிட்டு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறாராம். வாளில் ஒரு குறையும் இல்லை. மறு வாரம் அதே வர்ணனையை, ஒரு இடத்தில் மட்டும் என் பழைய எழுத்துப்பிழையைத் திருத்தி, மறுபடி அனுப்பினேன்.

இரண்டாவது வகை, விற்காமலேயே எடுத்து வைத்தது. வாள் என்பது காய்கறி இல்லை. அவ்வப்போது எண்ணெய் மாற்றித் தடவி, ஷிராசயா என்ற வெறும் மர உறையில் போட்டு, ஈரம் படாமல் பெட்டியில் வைத்தால் பத்து வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். வாடகைக் கிடங்கும் தேவையில்லை. அதனால் பொறுத்திருப்பது வியாபாரிக்குப் பெரிய செலவில்லை, முதல் முடங்கும் என்பதைத் தவிர. ஆனால் விற்காமல் நீண்ட நாள் கண்ணெதிரே கிடப்பதில் ஒரு கேடு இருக்கிறது. இங்கே பழம்பொருள் தொழிலில் அதற்கு மெயாக்கா என்று ஒரு சொல், ‘கண்ணழுக்கு’ என்று சொல்லலாம். நம் கண்திருஷ்டி மாதிரி பொறாமை சம்பந்தப்பட்டதில்லை. நிறையப் பேர் பார்த்து, நிறையப் பேர் வேண்டாம் என்று போய், அந்தப் பார்வைகளின் அழுக்கு பொருள் மேல் படிந்துவிட்டது என்பது போல. இதற்கு எதிர்ப்பதம் உபு. இதுவரை சந்தைக்கே வராத, ஒரு வீட்டிலிருந்து முதல் தடவையாக வெளியே வந்த பொருள். உபு என்றால் வியாபாரிகள் முண்டியடிப்பார்கள், கண்ணழுக்கு என்றால் முகம் சுளிப்பார்கள், ஒரே தரம் என்றாலும். ஆகவே ஒரு வருஷம் விற்காத வாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பார்த்தவர்கள் மறந்ததும் மறுபடி போடுவது பழைய பழக்கம். அப்படி எடுக்கும்போது ‘விற்றாகிவிட்டது’ என்று போடுகிறவர்களும் உண்டா? உண்டு. அது சரியில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் உங்கள் வாள் விஷயத்தில் வெறும் மூன்று வாரத்தில் யாரும் அழுக்குக்கு பயந்து எடுக்கமாட்டார்கள். அதனால் அது நிஜமாகவே விற்றது அல்லது யாரோ முன்பணம் கட்டினார்கள் என்று எடுத்துக்கொள்வது நியாயம்.

மெருகுக்கும் சான்றுக்கும் போய் வருவதாலும் வருஷங்கள் கழியும். ஒரு வாளை நன்றாகத் தீட்ட வேண்டுமென்றால், நல்ல தொகிஷி, அதாவது மெருகேற்றும் கைவினைஞர், கையில் வரிசை இருக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில பேரிடம் ஒரு வருஷத்துக்கும் மேல். கூலி சுன் கணக்கில், ஒரு சுன் சுமார் 3 சென்டிமீட்டர், முழு நீள கதானா என்றால் சில லட்சம் யென் ஆகிவிடும். அப்புறம் புது உறை வேண்டியிருக்கும், அடியில் பூட்டும் ஹபாகி என்ற உலோக வளையம் வேண்டியிருக்கும், ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். அதெல்லாம் முடிந்துதான் என்.பி.டி.எச்.கே. என்ற வாள் பாதுகாப்புச் சங்கத்தின் பரிசோதனை. சான்றில் நான்கு படிகள்: ஹோசோன், அதற்கு மேல் தொகுபெட்சு ஹோசோன், அதற்கு மேல் ஜூயோ, உச்சியில் தொகுபெட்சு ஜூயோ. ஜூயோவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான், உச்சிப் படிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஒரு தடவை கிடைக்காவிட்டால் அடுத்த தடவைக்குக் காத்திருக்க வேண்டும். இப்படியே மூன்று நான்கு வருஷம் ஓடிவிடும். திரும்ப வரும்போது மேல்படிச் சான்றும் கூடின விலையும் இருந்தால் கதை வெளிப்படை. உங்கள் வாளுக்கு 2016-லும் தொகுபெட்சு ஹோசோன், இப்போதும் அதேதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வெளிநாட்டு வாங்குபவரால் கடைசியில் எடுத்துக்கொள்ள முடியாமல் போவது உண்டு. ஏற்றுமதிக்கு இங்கே அரசின் கலாசார விவகார முகமை அனுமதி தர வேண்டும், அந்த ஊர்ச் சட்டம் வேறு தனி. பிரிட்டனில் 2008-லிருந்து 50 சென்டிமீட்டருக்கு மேல் வளைந்த வாள்களுக்குத் தடை, பழையவற்றுக்கும் பாரம்பரிய முறையில் செய்தவற்றுக்கும் விலக்கு உண்டு, ஆனால் அதைச் சுங்கத்தில் நிரூபிப்பது தனி வேலை. பிடியில் யானைத்தந்த வேலைப்பாடு இருந்தால் இன்னொரு தலைவலி. தவணை கட்ட முடியாமல் விட்டவர்கள் உண்டு, கையில் வந்ததும் பிடிக்காமல் கெடுவுக்குள் திருப்பி அனுப்பினவர்கள் உண்டு. அப்புறம் வியாபாரிகளுக்குள்ளேயே கோகான்காய் என்று ஏலம் நடக்கும், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, அங்கே ஒருவர் விற்றதை இன்னொருவர் வாங்கி, அவர் விற்காமல் மூன்றாமவர் கைக்குப் போய், கடைசியில் முதலாமவரே வாங்கினதையும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

விலை கூடினது உங்களுக்கு உறுத்துகிறது, அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2016 மே மாதம் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 110 யென். 22 லட்சம் என்றால் 20,000 டாலர். 2023 அக்டோபரில் ஏறக்குறைய 150 யென். 24 லட்சம் என்றால் 16,000 டாலர். டாலரில் சம்பாதிப்பவருக்கு விலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ரூபாயில் போட்டுப் பார்த்தால் அன்றைக்கும் பதின்மூன்றே சொச்சம் லட்சம், 2023-லும் பதின்மூன்றே சொச்சம் லட்சம். யென் விழுந்த இந்த வருஷங்களில் வெளிநாட்டு வாங்குபவர்கள் இங்கே குவிந்ததை நான் அனுபவித்தே சொல்வேன், என் மொழிபெயர்ப்பு வேலை இரண்டு மடங்கானது. உள்ளே இருக்கும் வாள்களை வெளியே எடுக்க இதைவிட நல்ல நேரம் வியாபாரிக்கு இல்லை. அதோடு, 1980-களின் கடைசியில் ஜப்பானில் எல்லாமே ஊதிப் பெருத்திருந்தபோது வாங்கிய வாள்களை இன்னமும் நஷ்டத்துக்கு விற்க மனம் வராமல் வைத்திருக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தூசி தட்டிப் போடுவார்கள், அதே விலை, யாரும் வாங்க மாட்டார்கள், மறுபடி உள்ளே. விற்க நினைக்கிறார்களா, பார்த்துக்கொள்ள நினைக்கிறார்களா என்றே எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும்.

இனி சந்தேகத்துக்குரியவை. இந்தப் பகுதியில் என் அனுபவம் உண்டு, நிரூபணம் கிடையாது. பரிசோதனையில் தோற்ற வாளில் அதற்கான தழும்பு எதுவும் இருக்காது. ஒரு பெரிய பெயரின் கையெழுத்து உள்ள வாள், 1982-க்கு முந்தைய பழைய முறைச் சான்று மட்டும் வைத்திருக்கிறது, இரண்டு தடவை சந்தைக்கு வந்தும் புதுச் சான்று எடுக்கப்படவில்லை என்றால், நான் தள்ளி நின்றே பார்ப்பேன். அந்தப் பழைய சான்றுகளில் சிலவற்றின் மேல் அந்தக் காலத்திலேயே நம்பிக்கை போய்விட்டது. புதுச் சான்றுக்கான கட்டணம் வாளின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, கிடைத்தால் விலை ஏறும், அப்படியும் எடுக்கவில்லை என்றால் எடுக்கப் பார்த்து ‘கிமேய்’, அதாவது போலிக் கையெழுத்து, என்று வந்திருக்கலாம். கோத்தெட்சு என்ற புகழ்பெற்ற வாள் கொல்லரின் பெயரைக் கண்டால் போலி என்றே முதலில் நினை என்று இங்கே சும்மா சொல்வதில்லை. அதே மாதிரி, கையெழுத்தில்லாமல், பெரிய பெயருக்குச் சார்த்தின தொகுபெட்சு ஹோசோன் வாள் ஒன்று மூன்று நான்கு வருஷம் கழித்து அதே சான்றோடு திரும்பினால், நடுவில் ஜூயோவுக்குப் போய்த் தோற்றிருக்கும் என்று எங்கள் கூட்டத்தில் உடனே சொல்வார்கள். பல தடவை சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஜூயோவில் தேறாத வாள்தான் நாட்டில் அதிகம்.

நிஜமான ஆபத்து எது என்பதை நான் பணம் கட்டிக் கற்றேன். வாள் பக்கம் வந்த புதிதில், 2011-ல், ஒரு வாகிசாஷி வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். அழகான வாள், ஹாமொன் என்று சொல்கிற கூர்விளிம்புக் கோலம் கிராம்பு மொட்டுகளை அடுக்கினது மாதிரி இருக்கும். இரண்டு வருஷம் கழித்துக் கான்தேய் கூட்டத்துக்குப் பெருமையாக எடுத்துப்போனேன். ஒரு பெரியவர் அதைக் குண்டு பல்புக்குக் கீழே பிடித்து, நுனியிலிருந்து அடிவரை ஒளி வழுக்கிப்போகும்படி மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வந்தார். பாதியில் நின்றார். மறுபடி அதே இடம். பிறகு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் கொடுத்து விரல் நுனியால் காற்றில் ஒரு புள்ளியைக் காட்டினார். விளிம்பிலிருந்து மேலே, கிராம்பு மொட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய ஒரு கோடு. அந்தக் கோணத்தில் மட்டும் தெரிகிறது, ஒரு டிகிரி திருப்பினால் காணோம். ஹாகிரே, விளிம்பு விரிசல். வாளுக்கு அது மரணம், எத்தனை தீட்டினாலும் போகாது. பிறகு தேடிப் பார்த்தால் அந்த வாள் எனக்கு முன்னால் 2007-ல் வேறொரு கடையில் வந்திருக்கிறது, அந்த வர்ணனையில் ‘விளிம்பில் ஒரு குறை உண்டு’ என்று ஒரு வரி இருந்திருக்கிறது. எனக்கு விற்ற கடையின் வர்ணனையில் அந்த வரி இல்லை. கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்த வியாபாரி மூலமாக, விரிசலைச் சொல்லியே, வாங்கினதில் நாலில் ஒரு பங்குக்குத் தள்ளிவிட்டேன். 2018-ல் அது மறுபடி கண்ணில் பட்டது, புது உறையில், புது விலையில். விரிசலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கடைக்கு எழுதினேன், மறுநாள் பக்கத்தில் அந்த வாள் இல்லை, பதிலும் வரவில்லை.

அதனால்தான், வாள் திரும்பி வந்தது என்பதைவிட, இரண்டு வரவுக்கும் நடுவே என்ன மாறியிருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். நீங்கள் பழைய படங்களை வைத்திருப்பது பெரிய விஷயம், பலரிடம் அது இருக்காது. முதலில் வாள் அதேதானா என்று உறுதி செய்யுங்கள். நீளம் 70.0 சென்டிமீட்டர், அதாவது 2 ஷாகு 3 சுன் 1 பு, இரண்டிலும் ஒன்றா, துளைகள் அதே இடமா, நாகாகோவின் துருவில் திட்டுகள் அதே உருவமா. துரு கைரேகை மாதிரி, பொய் சொல்லாது. தோரொகுஷோவின் மாகாணமும் எண்ணும் தேதியும் கேளுங்கள். முன்பு ஷோவா, அதாவது 1989-க்கு முந்தைய எண்ணும் இப்போது ரெய்வா, அதாவது 2019-க்குப் பிந்தைய எண்ணும் இருந்தால், பெரும்பாலும் வாள் வெளிநாடு போய்த் திரும்பிப் புதிதாகப் பதிவாகியிருக்கிறது. ஏனென்றால் ஏற்றுமதியாகும்போது பழைய சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் வெளிநாட்டில் யாராவது சாணைக் கல்லில் தேய்த்துத் தொலைத்திருக்கக் கூடும். அதேபோல, புதுத் தேதியைக் காட்டி உபு என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது விலை இல்லை, படங்கள். ஏழு வருஷம் வேறொரு வீட்டில் இருந்த வாளுக்கு ஏழு வருஷப் பழைய படம் போட்டிருக்கிறார்கள். இடையில் ஈரக் கையால் தொட்டிருக்கலாம், எண்ணெய் காய்ந்து துருப் புள்ளி விழுந்திருக்கலாம், உறைக்குள் அழுத்திச் செருகிக் கீறல் போட்டிருக்கலாம், மறுபடி தீட்டியிருந்தால் கொஞ்சம் உடம்பு இளைத்தும் இருக்கலாம். ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு கொஞ்சம் போகத்தான் செய்யும், அறுநூறு வருஷ வாளில் மேல்தோல் ரொம்ப கெட்டியாக இருக்காது. சோம்பலால் பழைய படம் போடுகிறவர்களே அதிகம், அதை நானே பார்க்கிறேன், என் பழைய மொழிபெயர்ப்பையும் அப்படித்தான் கேட்காமல் போட்டுக்கொள்கிறார்கள். இருந்தாலும் புதுப் படம் கேளுங்கள், ஒரு விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்து எடுத்த காணொளியும் கேளுங்கள்.

கடைக்காரரிடம் சுற்றி வளைக்காமல், “இந்த வாளை 2016-ல் உங்களிடம் பார்த்தேன், அப்போது தவறவிட்டேன், இப்போது எப்படி வந்தது?” என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். இங்கே நல்ல கடைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், ஏழு வருஷம் நினைவு வைத்திருக்கிறாரே என்று விலையில் கொஞ்சம் இறங்கினவர்களையும் பார்த்திருக்கிறேன். பழைய வாடிக்கையாளர் கொடுத்தது என்று இயல்பாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அதுதான் உண்மை. வாங்கினவரின் பெயரைச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அப்புறம், விளிம்பில் விரிசல் இல்லை என்பதை எழுத்தில் கேளுங்கள், வாள் கைக்கு வந்தபின் திருப்பித் தர எத்தனை நாள் என்பதையும் எழுத்தில். இந்த இரண்டுக்கும் மழுப்பினால் 2016-ல் செய்ததையே மறுபடி செய்யுங்கள், படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

இரண்டு தடவையும் வந்த நாகாகோ படங்களை இங்கே போட்டால் துளைகளையும் துருவையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன். ஹாமொன் படத்தை வைத்து நல்ல வாளா என்று மட்டும் கேட்காதீர்கள், அது கையில் எடுத்து விளக்கில் சாய்த்தால்தான் தெரியும், எனக்கு அதுவே இன்னும் சரியாக வரவில்லை.